வகையைத் தேர்ந்தால் பாதிப் பதிவுகள் காணோம்: வேர்ட்பிரஸ் ஏற்றுமதிக் கோளாறுகளும் சரிசெய்யும் வழிகளும்

மொரீஷியசில் கோவிலோ தமிழ்ச் சங்கமோ மாலைப்பள்ளியோ நடத்தும் தளம் பெரும்பாலும் ஒரே மொழியில் இருப்பதில்லை. அறிவிப்பு பிரெஞ்சில், இளைஞர் பக்கம் கிரியோலில், கட்டுரைகள் தமிழில். எல்லாம் ஒரே வேர்ட்பிரசுக்குள் (தளம் நடத்தும் மென்பொருள்) வகைவகையாகக் கிடக்கும். சில வருடம் போனதும் "தமிழ்ப் பகுதியை மட்டும் தனித் தளமாக எடுத்துவிடலாமே" என்று கமிட்டியில் யாராவது சொல்வார்கள். வேலை நம் தலையில் விழும்.

கருவி கையிலேயே இருக்கிறது. கருவிகள் பட்டியில் ஏற்றுமதி. முகப்பு பிரெஞ்சில் இருந்தால் 'ஊத்தி' என்பதன் கீழ் 'எக்ஸ்போர்த்தே'. அதில் பதிவுகள் என்பதைத் தேர்ந்ததும் வகை, எழுதியவர், மாதம், நிலை என்று நான்கு வடிகட்டிகள் திறக்கும். இந்த வகை வடிகட்டி எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துவிட்டால் கீழே வரும் கோளாறுகளில் பாதி தானாகப் புரியும். அது ஒரே ஒரு வகையின் எண்ணை எடுத்துக்கொள்ளும். அந்த எண்ணோடு நேரடியாக இணைந்த பதிவுகளை மட்டும் பொறுக்கும். மேலே தாய் வகை யார், கீழே கிளை எத்தனை என்றெல்லாம் அது பார்க்காது.

உங்களுக்கு எது நடக்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம்.

ஏற்றுமதிப் பக்கமே கண்ணில் படவில்லை

உங்கள் கணக்கு எடிட்டர் நிலையில் இருக்கும். ஏற்றுமதி உரிமை இயல்பாக அட்மினுக்கு மட்டும்தான். அட்மின் கடவுச்சொல்லை வைத்திருப்பவரைப் பிடியுங்கள்.

தாய் வகையைத் தேர்ந்தேன், கிளை வகைப் பதிவுகள் வரவில்லை

அதிகம் பேர் மாட்டுவது இங்கேதான். 'தமிழ்' என்று ஒரு தாய் வகை. அதன் கீழ் தைப்பூசம், தீமிதி, வருடப்பிறப்பு, பள்ளி என்று கிளைகள். பதிவு போடுபவர் 'தைப்பூசம்' பெட்டியில் மட்டும் டிக் போட்டுவிட்டுப் போயிருப்பார். வேர்ட்பிரஸ் தாய் வகையைத் தானாகச் சேர்க்காது. ஆகவே 'தமிழ்' என்று வடிகட்டினால் அந்தப் பதிவு வராது.

பதிவுகள் பட்டியலில் அதே 'தமிழ்' வகையை வைத்து வடிகட்டிப் பார்த்தால் கிளைப் பதிவுகளும் சேர்ந்தே தெரியும். குழப்பத்துக்குக் காரணம் அதுதான். பட்டியல் கிளைகளையும் சேர்த்துத் தேடுகிறது, ஏற்றுமதி சேர்ப்பதில்லை. பட்டியலில் முந்நூறு, கோப்பில் நாற்பது என்றால் கோப்பு கெட்டுப்போகவில்லை. இரண்டும் வேறு வேறு கேள்விக்குப் பதில் சொல்கின்றன.

பட்டியலின் இந்தப் பழக்கத்தையே நமக்குச் சாதகமாக்கலாம், கோட் எழுதத் தேவையில்லை. பட்டியலை 'தமிழ்' வகையில் வடிகட்டுங்கள். மேலே உள்ள திரை விருப்பங்களில் பக்கத்துக்கு நூறு பதிவு என்று வையுங்கள். எல்லாவற்றையும் தேர்ந்து, மொத்தமாகத் திருத்து என்பதைத் திறந்து, வகைகளில் 'தமிழ்' பெட்டியில் டிக் போட்டுச் சேமியுங்கள். இருக்கும் வகைகள் போகாது, 'தமிழ்' கூடுதலாகச் சேரும். பக்கம் பக்கமாகச் செய்து முடித்தபின் ஏற்றுமதி செய்தால் எல்லாம் வந்துவிடும். ஆயிரம் பதிவை ஒரே தடவையில் செய்யப் பார்க்காதீர்கள். அந்தப் படிவம் எல்லா எண்களையும் முகவரியிலேயே ஏற்றி அனுப்புவதால் சர்வர் மறுத்துவிடும்.

சர்வரில் கட்டளைத் திரை கிடைக்கிறது என்றால் வேர்ட்பிரசின் கட்டளைக் கருவி (டபிள்யூபி-சிஎல்ஐ) இன்னும் சுலபம். ஆனால் அதிலும் ஏற்றுமதிக் கட்டளையின் வகைத் தேர்வு கிளைகளைச் சேர்க்காது. முதலில் பதிவுப் பட்டியல் கட்டளையில் வகையைக் கொடுத்து எண்களை மட்டும் வாங்குங்கள், அது கிளைகளையும் சேர்த்துத் தரும். பிறகு அந்த எண்களை ஏற்றுமதிக் கட்டளையின் 'போஸ்ட்__இன்' தேர்வுக்குள் கொடுங்கள். நடுவில் இரண்டு அடிக்கோடுகள். படங்களும் வேண்டும் என்றால் 'வித்_அட்டாச்மென்ட்ஸ்' தேர்வையும் சேர்க்க வேண்டும், எண்களைக் கொடுத்து எடுக்கும்போது படங்கள் தாமாக வராது.

தெரிந்த பதிவு ஒன்று எந்த வகையிலும் சிக்கவில்லை

பிரெஞ்சில் நிறுவிய தளம் என்றால் 'நோன் கிளாசே' வகையைத் திறந்து பாருங்கள். வகை தேர்ந்தெடுக்காமல் வெளியிட்டதெல்லாம் அங்கேதான் போய்ச் சேரும். கைபேசியில் அவசரமாகப் போட்ட காவடிப் படங்கள் பாதி அதில் கிடக்கும்.

இரண்டு மொழிக்கான பிளகின் போட்ட தளத்தில் இன்னொன்றும் உண்டு. பாலிலாங் போன்றவற்றில் ஒவ்வொரு மொழிக்கும் தனித்தனி வகை. பிரெஞ்சு வகையை எடுத்தால் அதன் தமிழ் இணை வராது. இரண்டையும் தனித்தனியாக எடுங்கள்.

ஒரு வகை கேட்டேன், தளம் முழுவதும் வந்துவிட்டது

பதிவிறக்கம் தொடங்கியபின் உலாவியின் பதிவிறக்கப் பட்டியலில் அந்தக் கோப்பின் முகவரியைப் பாருங்கள். ஏற்றுமதிப் படிவம் எல்லாத் தேர்வுகளையும் முகவரியில்தான் அனுப்புகிறது. 'கன்டென்ட்' என்பதற்கு நேரே 'போஸ்ட்ஸ்' என்றும், 'கேட்' என்பதற்கு நேரே வகையின் எண்ணும் இருக்க வேண்டும். 'ஆல்' என்று இருந்தால் மேலே உள்ள வட்டப் பொத்தான் மாறவில்லை என்று அர்த்தம்.

முகவரி சரியாக இருந்தும் எல்லாம் வருகிறதா? அப்படியானால் அந்த எண்ணில் வகை இல்லை. வேர்ட்பிரஸ் ஏற்றுமதி, கொடுத்த வகை கிடைக்காவிட்டால் பிழை சொல்லாது. வடிகட்டியை அப்படியே விட்டுவிட்டு எல்லாப் பதிவுகளையும் கொடுத்துவிடும். நீங்களே கோட் எழுதி வகையைக் கொடுக்கும்போது எழுத்துப் பிழை இருந்தாலும் இதே கதைதான். "இல்லை" என்று சொல்ல வேண்டிய இடத்தில் எல்லாவற்றையும் அள்ளிக் கொடுக்கும் இந்தக் குணம் எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது.

புதிய தளத்தில் கேட்காத வகைகள் முளைத்துவிட்டன

1998இல் மொரீஷியசின் புதிய ரூபாய் நோட்டுகளில் தமிழை இந்திக்குக் கீழே தள்ளியதும், எதிர்ப்புக்குப் பிறகு அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்று 1999 நோட்டில் பழைய வரிசைக்கே வந்ததும் பற்றி ஒரு கட்டுரை தளத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது 'வரலாறு' வகையிலும் இருக்கும், பிரெஞ்சு 'ஆக்துவாலித்தே' (செய்திகள்) வகையிலும் இருக்கும். நீங்கள் 'வரலாறு' என்று வடிகட்டினாலும் அந்தப் பதிவு தன் எல்லா வகைகளையும் சுமந்துகொண்டுதான் கோப்புக்குள் போகும். இறக்குமதி செய்யும்போது புதிய தளத்தில் இல்லாத வகையை இறக்குமதிக் கருவி உருவாக்கிவிடும்.

இது பிழை இல்லை. வேண்டாத வகையைப் புதிய தளத்தில் போய் நீக்கிவிடுங்கள். வகையை நீக்கினால் பதிவு நீங்காது.

கூடவே கிளை அமைப்பும் கலைந்திருக்கும். வகை வடிகட்டியோடு எடுத்த கோப்பில் அந்த ஒரு வகையின் விவரம் மட்டும்தான் தலைப்பகுதியில் எழுதப்படும். மற்றவற்றுக்குப் பெயரும் ஸ்லக்கும் (வகையின் இணைய முகவரியில் வரும் சொல்) மட்டும் இருக்கும், தாய் யார் என்ற தகவல் இருக்காது. எல்லாம் மேல்மட்டத்தில் வரிசையாக வந்து நிற்கும். இறக்குமதிக்கு முன்பே புதிய தளத்தில் அதே ஸ்லக்கோடு வகைகளை அடுக்கி உருவாக்கி வைத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. கருவி இருக்கும் வகையிலேயே பதிவைச் சேர்த்துவிடும்.

ஒரே பெயரில் இரண்டு வகைகள்

இறக்குமதிக் கருவி வகையின் பெயரைப் பார்ப்பதில்லை, ஸ்லக்கைத்தான் பார்க்கிறது. பெயர் ஒன்றாக இருந்து ஸ்லக் வேறாக இருந்தால் இரண்டாவதாக ஒன்று உருவாகும். பிரெஞ்சுப் பெயர்களில் இது அரிது. மேற்குறி கழன்று சாதாரண எழுத்தாகிவிடும். தமிழில்தான் வம்பு.

தமிழ் ஸ்லக்கில் ஒவ்வொரு யூனிகோட் குறியும் சதவீதக் குறிகளோடு 9 எழுத்தாக மாறும். 'தைப்பூசம்' என்பதில் 9 குறிகள், ஆக ஸ்லக் 81 எழுத்து. மொத்த வரம்பு 200. 'மொரீஷியஸ் தமிழ்ப் பள்ளிகள்' என்று வகை வைத்தால் வரம்பு தாண்டி, 'பள்ளிக' என்ற இடத்தோடு வெட்டுப்படும். 'மொரீஷியஸ் தமிழ்ப் பள்ளிக் கலைவிழா' என்று புதிய தளத்தில் இன்னொரு வகை இருந்தால் அதுவும் மிகச் சரியாக அதே இடத்தில் வெட்டுப்படும். இரண்டுக்கும் ஒரே ஸ்லக். பிறகு எது எதற்குள் போகும் என்று கேட்காதீர்கள்.

இன்னொன்று கண்ணுக்கே தெரியாது. 'ஔவையார்' என்பதை ஒருவர் ஔ என்ற ஒரே எழுத்தால் அடித்திருப்பார். இன்னொருவர் ஒ, ள என்று இரண்டு எழுத்தாக அடித்திருப்பார். திரையில் ஏறத்தாழ ஒன்றாகத்தான் தெரியும். ஸ்லக் வேறு, வகை வேறு, வடிகட்டினால் பாதிப் பதிவுதான் வரும். 'கொ' போன்ற எழுத்துகளிலும் சில தளங்களில் இதே வில்லங்கம் வரலாம். கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியாகவும் அடிக்கலாம், இரண்டு தனிக் குறிகளாகவும் அடிக்கலாம்.

மருந்து ஒன்றுதான். பெயர் தமிழிலேயே இருக்கட்டும். ஸ்லக்கை மட்டும் ஆங்கில எழுத்தில், சின்னதாக நீங்களே கொடுங்கள். இரண்டு தளத்திலும் ஒரே மாதிரி. ஏற்றுமதிக்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை இது.

வடிகட்டியில் நானே ஒரு பெட்டி சேர்த்தேன், ஒரு பலனும் இல்லை

ஒரே நேரத்தில் பல வகை வேண்டும், கிளைகளும் சேர வேண்டும் என்றால் கருவியை மாற்றியமைக்கத்தான் வேண்டும். பெட்டி திரையில் வருகிறது, ஆனால் கோப்பில் மாற்றம் இல்லை என்றால் மூன்று இடங்களைப் பாருங்கள்.

முதலில், கோட் எங்கே இருக்கிறது? எம்யூ-பிளகின்ஸ் அடைவில் (எப்போதும் தானாக இயங்கும் பிளகின்களுக்கான இடம்) வைப்பது நல்லது. தீம் மாறினாலும் அது நிற்கும். ஆனால் அந்த அடைவுக்குள் இன்னொரு அடைவு போட்டு அதற்குள் கோப்பை வைத்தால் வேர்ட்பிரஸ் படிக்காது. கோப்பு நேராக மேல்மட்டத்தில் இருக்க வேண்டும். வேர்ட்பிரசின் சொந்த ஏற்றுமதிக் கோப்பைத் திறந்து அதிலேயே திருத்தியவர்களுக்கு: அடுத்த அப்டேட் வரும்வரைதான் அது.

அடுத்து, பெட்டிக்கு என்ன பெயர் வைத்தீர்கள்? 'கேட்' என்று வைத்திருந்தால் வேர்ட்பிரசின் சொந்தப் பெட்டிக்கும் அதே பெயர். இரண்டு பெட்டி ஒரே பெயரில் போனால் பின்னால் வருவதே நிற்கும். வேறு பெயர் வையுங்கள். பல தேர்வுள்ள பெட்டி என்றால் பெயரின் கடைசியில் சதுர அடைப்புக்குறி வேண்டும். இல்லாவிட்டால் கடைசியாகத் தேர்ந்த ஒன்று மட்டும் போய்ச்சேரும்.

மூன்றாவதுதான் முக்கியம். ஹூக் என்பது நம் கோட்டை வேர்ட்பிரசில் மாட்டும் கொக்கி. 'எக்ஸ்போர்ட்_ஃபில்டர்ஸ்' ஹூக் திரையில் பெட்டியைக் காட்டும். 'எக்ஸ்போர்ட்_ஆர்க்ஸ்' ஹூக் அந்தத் தேர்வை வாங்கி ஏற்றுமதிச் செயற்கூறுக்கு அனுப்பும். பலர் இதோடு வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். அந்தச் செயற்கூறோ தனக்குத் தெரிந்த வகை, எழுத்தாளர், தேதி, நிலை ஆகியவற்றைத் தவிர வேறு எதைக் கொடுத்தாலும் வாங்கி ஓரமாக வைத்துவிடும். பதிவு எண்களைப் பொறுக்கும் இடத்தில் தலையிட அதில் தனி ஹூக் கிடையாது.

ஆகவே சுற்று வழிதான். 'எக்ஸ்போர்ட்_டபிள்யூபி' என்ற ஹூக் ஏற்றுமதி தொடங்கும் நொடியில் அழைக்கப்படும். உங்கள் தேர்வு அங்கே கையில் கிடைக்கும். அந்த இடத்திலேயே வேண்டிய பதிவுகளின் எண்களை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தரவுத்தளக் கேள்விகளைத் தொடும் 'க்வெரி' வடிகட்டியை மாட்டுங்கள். பதிவு எண்களைக் கேட்கும் அந்த ஒரு கேள்வி வரும்போது, அதன் கடைசியில் "எண் இந்தப் பட்டியலில் இருக்க வேண்டும்" என்ற நிபந்தனையை ஒட்டிவிட்டு, உடனே வடிகட்டியைக் கழற்றிவிடுங்கள். கழற்ற மறந்தால் அடுத்து வரும் கேள்விகளிலும் அது கை வைக்கலாம். எண்களை ஒட்டுமுன் ஒவ்வொன்றையும் முழு எண்ணாக மாற்றிவிடுவது கட்டாயம், முகவரியிலிருந்து வருவதை அப்படியே தரவுத்தளத்துக்குள் விடக்கூடாது. அழகான வழி என்று சொல்ல மாட்டேன். வேலை செய்யும்.

மாற்றியமைத்தபின் ஐந்தே ஐந்து பதிவுகள் வருகின்றன

எண்களை எடுக்க 'கெட்_போஸ்ட்ஸ்' பயன்படுத்தியிருப்பீர்கள். எத்தனை வேண்டும் என்று சொல்லாவிட்டால் அது 5 தான் தரும். எண்ணிக்கையை மைனஸ் ஒன்று என்று கொடுங்கள். நிலையையும் சொல்லுங்கள், சொல்லாவிட்டால் வெளியான பதிவுகள் மட்டும் வரும், வரைவுகள் நின்றுவிடும். கோப்பு காலியாகவே வருகிறது என்றால் பட்டியல் காலியாக இருந்து கேள்வியே பிழையாகியிருக்கும். காலியாக இருந்தால் பூஜ்யத்தைப் போடும்படி ஒரு வரி சேருங்கள்.

ஒரே பதிவு இரண்டு முறை, அல்லது சம்பந்தமே இல்லாத வகை

எண் பட்டியல் வழியை விட்டு, வகை அட்டவணையை நேராக இணைத்துக் கேள்வி எழுதினால் இவை வரும். தீமிதியிலும் தைப்பூசத்திலும் இருக்கும் பதிவு இரண்டு வரியாகத் திரும்பி வரும். 'டிஸ்டிங்க்ட்' சேர்த்தால் நின்றுவிடும். சம்பந்தமில்லாத வகை வந்தால், டெர்ம் ஐடி (வகைப் பெயரின் எண்) போட்ட இடத்தில் டெர்ம் டாக்ஸானமி ஐடி (அந்தப் பெயரை வகையாகப் பதிந்த எண்) போட வேண்டும். புதிய தளங்களில் இரண்டும் பெரும்பாலும் ஒரே எண்ணாக இருப்பதால் சோதனையில் தப்பித்துவிடும். பழைய தளத்தில் ஏற்றியதும் காலை வாரும்.

இறக்குமதிக் கருவி கோப்பை ஏற்க மறுக்கிறது

கோப்பை நோட்பேடில் திறந்து பாருங்கள். முதல் எழுத்தே எக்ஸ்எம்எல் அறிவிப்பாக இருக்க வேண்டும். அதற்கு முன் ஒரு வெற்று வரி இருந்தாலும் போச்சு. பெரும்பாலும் நீங்கள் சேர்த்த பிஎச்பி கோப்பில், மூடும் குறிக்குப் பின்னால் தவறி விழுந்த வெற்று வரிதான் காரணம். மூடும் குறியையே எடுத்துவிடுங்கள், அது தேவையில்லை. கோப்பின் நடுவில் பிஎச்பி எச்சரிக்கை வாசகம் தெரிந்தால், பிழைகளைத் திரையில் காட்டும் அமைப்பை அணைத்துவிட்டு மறுபடி எடுங்கள்.

கடைசி வரியையும் பாருங்கள். ஆர்எஸ்எஸ் மூடும் குறியில் (</rss>) முடியவில்லை என்றால் சர்வர் நேரமோ நினைவகமோ தீர்ந்து பாதியில் நின்றிருக்கிறது. அப்போது மாத வாரியாகப் பிரித்து எடுங்கள். தைப்பூச மாதங்கள் மட்டும் கனமாக இருக்கும்.

தலையும் வாலும் சரியாக இருந்தும் ஏதோ ஒரு வரி எண்ணைச் சொல்லி மறுத்தால், அந்த வரியில் கண்ணுக்குத் தெரியாத கட்டுப்பாட்டுக் குறி ஒன்று ஒளிந்திருக்கும். பழைய விழா மலர்களைப் பிடிஎஃப்பிலிருந்து நகலெடுத்து ஒட்டிய பதிவுகளில் இது சகஜம். கோப்பில் நீக்குங்கள், மூலப் பதிவிலும் நீக்குங்கள்.

பதிவு வந்தது, படம் வரவில்லை

ஏற்றுமதிக் கோப்புக்குள் படம் இருக்காது, படத்தின் முகவரிதான் இருக்கும். இறக்குமதியின்போது இணைப்புகளையும் பதிவிறக்கு என்ற பெட்டியில் டிக் இருக்க வேண்டும், அந்த நேரத்தில் பழைய தளமும் உயிரோடு இருக்க வேண்டும். பழைய ஹோஸ்டிங்கை முந்திக்கொண்டு நிறுத்திவிடாதீர்கள். பழைய வேர்ட்பிரஸ் பதிப்புகளில் பதிவுகளை மட்டும் எடுத்தால் படங்களின் விவரமே கோப்பில் வராது, ஊடகத்தைத் தனியாக ஏற்றுமதி செய்ய வேண்டும். எந்தப் பதிப்பாக இருந்தாலும், வேறொரு பதிவுக்காக முன்பே ஏற்றிய படத்தை இந்தப் பதிவில் எடுத்துப் போட்டிருந்தால் அது விட்டுப்போகலாம்.

எல்லாக் கோப்புக்கும் ஒரே பெயர்

கோப்புப் பெயரின் முன்பகுதி தளத்தின் பெயரிலிருந்து எடுக்கப்படுகிறது, ஆனால் ஆங்கில எழுத்துகளும் எண்களும் மட்டும்தான் தேறும். தளத்தின் பெயர் முழுக்கத் தமிழில் இருந்தால் ஒன்றுமே மிஞ்சாது, வேர்ட்பிரஸ் என்ற சொல்லும் தேதியும் மட்டும் நிற்கும். ஒரே நாளில் நான்கு வகை எடுத்தால் எது எது என்று தெரியாது. 'எக்ஸ்போர்ட்_டபிள்யூபி_ஃபைல்நேம்' வடிகட்டியில் வகையின் ஸ்லக்கைச் சேர்த்துவிடுங்கள். அதுவரை ஒவ்வொன்றையும் இறக்கியவுடன் கையால் பெயர் மாற்றுங்கள்.

மாதம் தேர்ந்தால் ஓரப் பதிவுகள் தப்பிவிடுகின்றன

தளத்தின் நேர மண்டலம் உலக நேரத்திலேயே விடப்பட்டிருக்கும். நமக்கு அதைவிட 4 மணி நேரம் முன்னால். 2026இல் தைப்பூசம் பிப்ரவரி 1. அன்று அதிகாலை 2 மணிக்குக் காவடி ஏற்பாடு பற்றிப் போட்ட பதிவு, அப்படிப்பட்ட தளத்தில் ஜனவரி 31 இரவு 10 மணி என்று பதிவாகியிருக்கும். பிப்ரவரி என்று வடிகட்டினால் வராது. பொது அமைப்பில் நேர மண்டலத்தை மொரீஷியஸ் என்று மாற்றுங்கள். அது இந்தியப் பெருங்கடல் பிரிவின் கீழ் இருக்கும். மாற்றியது இனி வரும் பதிவுகளுக்குத்தான் செல்லும். பழையவற்றுக்கு ஏற்றுமதியில் முந்தைய மாதத்தையும் சேர்த்து எடுங்கள்.